அன்னத்தை ஆட வைத்தது யார்?

நாலு பெண்கள். குறுக்காகக் கை கோர்த்தபடி ஒரே வரிசை. நாலு தலையும் ஒன்றாகத் திரும்பும், ஒன்றாகக் குனியும். மேலுடம்பு அசையவே அசையாது, கால் மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி ஏறி இறங்கும். கீழே பசூன் 'டொக் டொக்' என்று நடைபோட, மேலே ஓபோ அந்தக் குறும்பான மெட்டை வாசிக்கும். பாலே பார்க்காத ஆட்களும் இதை எங்கேயாவது பார்த்திருப்பினம். கார்ட்டூனில், விளம்பரத்தில், இப்ப ரீல்ஸில். 'அன்ன ஏரி'யில் வரும் குட்டி அன்னங்களின் நடனம் அது.

இசை யாருடையது எண்டு கேட்டால் கனபேர் சாய்க்கோவ்ஸ்கி எண்டு சொல்லுவினம். சரி. அந்த ஆட்டம் யாருடையது? கை கோர்க்க வேண்டும், தலையை இப்படித் திருப்ப வேண்டும், நாலு பேரும் ஒரு உயிர் மாதிரி நகர வேண்டும் எண்டு யோசித்த மனிசன் யார்? அந்த இடத்தில் எல்லாரும் அமைதி.

அவருடைய பெயர் லெவ் இவானோவ். நாங்கள் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரஷ்ய பாலேயின் கதையை இசையமைப்பாளர்களின் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். சாய்க்கோவ்ஸ்கி, ஸ்ட்ராவின்ஸ்கி, புரோகோபியேவ், ஷொஸ்டகோவிச் என்று நாலு பெயர் சொன்னால் வரலாறு முடிந்தது என்று நினைக்கிறோம். அது பாதி வரலாறுதான். மற்றப் பாதி ஆட்களின் உடம்பில் இருந்தது. உடம்பில் இருப்பதை நாங்கள் லேசாக மறந்துவிடுகிறோம். அப்படி மறப்பது சரியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஓடர் கொடுத்தவரும் எழுதியவரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பாலே இசை என்பது ஒரு உத்தியோகம். அரச அரங்குகளுக்கென்று சம்பளத்துக்கு ஒரு பாலே இசையமைப்பாளர் இருப்பார். லுட்விக் மின்கூஸ் அப்படி இருந்தவர், ஒஸ்திரியாவில் பிறந்த ஆள். நடன அமைப்பாளர் 'இந்த இடத்துக்கு ஒரு வோல்ட்ஸ், அந்த இடத்துக்கு ஒரு மார்ச்' என்று கேட்பார். இவர் எழுதிக் கொடுப்பார். தையற்காரனிடம் அளவு கொடுத்து உடுப்பு வாங்குவது மாதிரி. 1886இல் மின்கூஸ் ஓய்வுபெற்றபோது, அரங்குகளின் பணிப்பாளர் இவான் விசெவலோஸ்கி அந்தப் பதவியையே இல்லாமல் செய்தார். இனி 'பெரிய' இசையமைப்பாளர்களிடம் கேட்போம் என்பது அவருடைய யோசனை. அப்படித்தான் சாய்க்கோவ்ஸ்கியிடம் 'உறங்கும் அழகி' போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு சுவாரசியம் இருக்கு. பெரிய இசையமைப்பாளர் வந்ததும் அளவு கொடுத்து வாங்கும் பழக்கம் நின்றுவிட்டது என்று நினைப்போம். நிற்கவில்லை. மாரியஸ் பெட்டிப்பா, மார்சேயில் பிறந்து 1847இல் ரஷ்யாவுக்கு வந்து அங்கேயே கிழவனான பிரெஞ்சுக்காரர், சாய்க்கோவ்ஸ்கிக்கு எழுத்திலேயே ஓடர் கொடுத்தார். எத்தனை பார், எந்த வேகம், எந்த மனநிலை எல்லாமே அதில் இருந்தது. (மேற்கத்தைய இசையில் ஒரு தாளக்கட்டைத்தான் பார் என்பது.) 'நட்கிராக்கர்' பாலேயில் நத்தார் மரம் பிரமாண்டமாக வளரும் காட்சி இருக்கிறதே, அதற்கு அவர் கேட்டது 48 பார் மாய இசை, படிப்படியாகப் பெருகவேண்டும் என்று. அதே பாலேயில் இனிப்புத் தேவதை ஆடும்போது ஊற்றுநீரின் துளிகள் விழுவது கேட்கவேண்டும் என்றும் கேட்டார். சாய்க்கோவ்ஸ்கி பாரிஸில் புதிதாக வந்திருந்த செலஸ்ரா என்ற வாத்தியத்தை இரகசியமாக ரஷ்யாவுக்கு எடுப்பித்தார். ரிம்ஸ்கி கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திவிடுவார்களோ எண்டு அவருக்குப் பயம். அந்தப் பளிங்கு மணிச் சத்தம் உலகமெங்கும் நத்தாரின் சத்தமாகப் போனது.

இப்ப யோசியுங்கோ. மெட்டும் வாத்தியமும் சாய்க்கோவ்ஸ்கியின் மூளை. ஆனால் 'நீர்த்துளி' எண்டு முதலில் சொன்னது பெட்டிப்பா. கட்டுப்பாடு போட்டதால் இசை கெட்டதா? மாறாக, 'உறங்கும் அழகி'யைத் தன்னுடைய நல்ல வேலைகளில் ஒன்றாக சாய்க்கோவ்ஸ்கியே கருதினார். 1890 ஜனவரியில் மரின்ஸ்கி அரங்கில் அது மேடையேறியது. அளவு கொடுத்தவரும் வெட்டித் தைத்தவரும் சேர்ந்து செய்த உடுப்பு அது.

ஒரே ஏரி, பல அன்னங்கள்

'அன்ன ஏரி' முதலில் மேடையேறியது 1877 மார்ச்சில், மொஸ்கோவின் பொல்ஷோய் அரங்கில். நடன அமைப்பு ஜூலியஸ் ரைசிங்கர். விமர்சகர்கள் பெரிதாக மெச்சவில்லை, சில வருடங்கள் ஓடி 1883உடன் நின்றுபோனது. ரைசிங்கர் அமைத்த ஆட்டம் எப்படி இருந்தது என்று இன்றைக்குப் பார்க்க வழியில்லை.

அந்தக் காலத்தில் நடனக்காரர்கள் சும்மா இருந்து பாட்டுக்கு ஆடியவர்கள் என்றும் நினைக்கவேண்டாம். அன்னா சபெஷான்ஸ்கயா என்ற நாட்டியத் தாரகைக்கு ரைசிங்கரின் அமைப்பில் திருப்தியில்லை. பீற்றர்ஸ்பேர்க்குக்குப் போய், பெட்டிப்பாவிடம் தனக்கென்று ஒரு இணைநடனம் அமைப்பித்து, மின்கூஸிடம் அதற்கு இசையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தன்னுடைய பாலேக்குள் இன்னொருவரின் இசையா என்று சாய்க்கோவ்ஸ்கிக்குக் கோபம். ஆனால் அம்மணி பழகின அடவுகளை மாற்றமாட்டேன் என்று நின்றார். கடைசியில் மின்கூஸின் இசைக்குப் பார் பாராகப் பொருந்துகிற மாதிரி சாய்க்கோவ்ஸ்கியே புது இசை எழுதிக் கொடுத்தார். ஒரு பெண்ணின் கால் அசைவுக்கு அளவாக அந்த மேதை எழுதினார். எங்களுக்கு இந்தக் கதை நல்லாப் பிடிக்கும்.

1893இல் சாய்க்கோவ்ஸ்கி இறந்தார். அடுத்த வருடம் அவருடைய நினைவு நிகழ்ச்சிக்காக ஏரிக்கரைக் காட்சி ஒன்றை இவானோவ் புதிதாக அமைத்தார். 1895 ஜனவரியில் முழுப் பாலேயும் மரின்ஸ்கியில் வந்தது. அரண்மனைக் காட்சிகள் பெட்டிப்பா, ஏரிக்கரைக் காட்சிகள் இவானோவ். இசையை ரிக்கார்டோ திரீகோ வெட்டி ஒட்டித் திருத்தினார், கதையை சாய்க்கோவ்ஸ்கியின் தம்பி மொடெஸ்ற் திருத்தினார். இன்றைக்கு உலகம் 'அன்ன ஏரி' எண்டு பார்ப்பது பெரும்பாலும் இதன் வாரிசுகளைத்தான். சாய்க்கோவ்ஸ்கி இதைப் பார்க்கவே இல்லை.

இவானோவுக்கு இசை எழுத்து வாசிக்க வராது. ஆனால் ஒருக்கால் கேட்ட இசையைப் பியானோவில் அப்படியே வாசிக்கக்கூடிய காது இருந்தது. அந்தக் காது ஏரிக்கரைக் காட்சிகளில் தெரியும். பெட்டிப்பாவின் அரண்மனையில் ஆட்கள் தங்கள் திறமையைக் காட்டுவார்கள். இவானோவின் ஏரிக்கரையில் இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் ஒரு துக்கத்தை மூச்சு விடுவது மாதிரி அசைவார்கள். நாயகி சாய்ந்தால் வரிசை முழுக்கச் சாயும். இசைக்குள் இருந்த கவலையைக் கைகளாகவும் கழுத்தாகவும் மாற்றியது இந்த மனிசன்தான். 1892இல் பெட்டிப்பா நோயில் விழுந்ததால் 'நட்கிராக்கர்' நடனத்தை அமைத்ததும் இவர்தான். காலம் முழுக்கப் பெட்டிப்பாவுக்கு இரண்டாம் ஆளாகவே இருந்து, 1901இல் காசுக் கஷ்டத்தோடு இறந்துபோனார்.

தாளில் இருந்தது தப்பியது

ஏன் இப்படி? இசையமைப்பாளர்கள் களவெடுத்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. காரணம் மிகச் சாதாரணம். இசை தாளில் எழுதப்பட்டது, அச்சானது, தபாலில் போனது. நடனம் ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குத்தான் போனது. ஆசிரியர் ஆடிக் காட்டுவார், மாணவி பார்த்துப் பிடிப்பாள். இடையில் ஒரு தலைமுறை அறுந்தால் எல்லாம் போச்சு.

இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. விளாடிமிர் ஸ்டெப்பனோவ் என்ற மரின்ஸ்கி நடனக்காரர், இசைக்குறி மாதிரியான குறிகளால் உடம்பின் அசைவை எழுதும் முறையொன்றைக் கண்டுபிடித்து 1892இல் புத்தகமாக வெளியிட்டார். நாலு வருடத்தில், இளவயதிலேயே இறந்தும் போனார். ஆனால் அந்த முறையில் பெட்டிப்பா, இவானோவின் பாலேக்கள் பல எழுதிவைக்கப்பட்டன. புரட்சிக்குப் பிறகு நிக்கொலாய் செர்கேயேவ் அந்தக் கட்டுகளை ரஷ்யாவிலிருந்து வெளியே கொண்டுபோனார். 1934இல் லண்டனில் விக் வெல்ஸ் குழு 'அன்ன ஏரி'யையும் 'நட்கிராக்கர்'ஐயும் ஆடியது அந்தத் தாள்களை வைத்துத்தான். இப்ப அவை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 2015இல் அலெக்ஸி ரத்மன்ஸ்கி 'உறங்கும் அழகி'யை அதே குறிப்புகளிலிருந்து திருப்பி எழுப்பினார். ஒரு பெட்டி காகிதம் தப்பியதால் ஒரு உலகமே கொஞ்சம் தப்பியது.

அந்தப் பெட்டிக்குள் வராத உடம்புகளும் உண்டு. அதில் எங்கட பக்கத்து ஆட்களும் அடக்கம். 'அன்ன ஏரி'க்கு ஒரு மாதம் முன்னர், 1877இல், பெட்டிப்பாவும் மின்கூஸும் 'லா பயதேர்' என்ற பாலேயை மேடையேற்றினார்கள். கோயில் நாட்டியக்காரி ஒருத்தியின் காதல் கதை. இந்தியா என்ற பெயரில் வோல்ட்ஸ் இசை! அதற்கு 39 வருடங்களுக்கு முன், 1838இல், புதுச்சேரிப் பக்கத்துத் தேவதாசிகள் சிலர் உண்மையாகவே பாரிஸில் ஆடியிருந்தார்கள். அதில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து மயங்கி எழுதியவர் தியோஃபில் கோத்தியே. அவர் பிறகு 'சகுந்தலா' பாலேக்குக் கதை எழுத, 1858இல் அதற்கு நடனம் அமைத்தவர் மாரியஸின் அண்ணன் லூசியன் பெட்டிப்பா. அம்மணியின் ஆட்டத்திலிருந்து ஒரு அடவுகூட ரஷ்ய மேடைக்குப் போகவில்லை. போனது ஐரோப்பா கட்டிக்கொண்ட கனவு மட்டும்தான்.

எட்டுக் கச்சேரியில் முடிந்த புரட்சி

1913 மே 29, பாரிஸ். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' முதல்நாள். சபையில் கூச்சல், விசில், சண்டை. கதை எல்லாருக்கும் தெரியும். வழமையாக 'இசையைக் கேட்டுச் சனம் கொதித்தது' எண்டுதான் சொல்லுவினம். ஆனால் கூச்சலில் இசையே ஒழுங்காகக் கேட்டிருக்காது. கண்ணுக்கு முன்னால் நடந்ததுதான் அவர்களுக்குக் கூடுதலாகக் குத்தியிருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம். வாஸ்லாவ் நிஜின்ஸ்கி, அந்தக் காலத்தில் பறப்பவர் என்று பெயரெடுத்த நடனக்காரர், பாலேயின் இலக்கணத்தையே கவிழ்த்துவைத்திருந்தார். பாதங்கள் உள்நோக்கித் திரும்பியிருந்தன, முழங்கால் மடிந்திருந்தது, உடம்பு நிலத்தை நோக்கிக் குத்தியது. இரண்டு நூற்றாண்டாக ஆகாயத்துக்கு ஏற முயன்ற கலையை அவர் மண்ணுக்கு இறக்கினார். ஆட்டக்காரருக்கு வாத்தியம் கேட்காததால், மேடையோரத்தில் கதிரைமேல் ஏறி நின்று எண்ணிக்கையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வருடம் அதே இசை நடனமில்லாமல் பாரிஸில் கச்சேரியாக வாசிக்கப்பட்டது. அன்றைக்கு ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நிஜின்ஸ்கியின் நடனமோ பாரிஸிலும் லண்டனிலுமாக எட்டு ஒன்பது தடவை ஆடப்பட்டு மறைந்தது. அவர் கல்யாணம் கட்டியதும் தியாகிலெவ் குழுவிலிருந்து நீக்கினார், சில வருடங்களில் மனநோய் வந்தது, 1950இல் இறக்கும்வரை அது விடவேயில்லை. ஸ்ட்ராவின்ஸ்கி தன் சுயசரிதையில், நிஜின்ஸ்கிக்கு இசையின் அரிச்சுவடியே தெரியாது என்று எழுதிவைத்தார். பதில் எழுத அந்த மனிசன் அந்த நிலையில் இல்லை. 1940இல் வோல்ட் டிஸ்னியின் 'ஃபண்டாசியா' அதே இசைக்கு டைனோசர்களை நடக்கவிட்டது. இசை அந்தளவு தூரம் போய்விட்டது.

மிலிசென்ட் ஹொட்சன் என்ற ஆய்வாளர் பல வருடம் அலைந்து, பழைய ஓவியங்கள், நினைவுகள், குறிப்பெழுதிய இசைப்பிரதி எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்து, 1987இல் ஜொஃப்ரி பாலேயின் மூலம் அந்த நடனத்தை மறுபடி நிறுத்தினார். அப்பதான் கனபேருக்கு விளங்கியது: இசையில் இருந்த உடைப்பு கால்களிலும் இருந்திருக்கு.

நிஜின்ஸ்கியின் தங்கச்சி பிரனிஸ்லாவா நிஜின்ஸ்காவின் கதை வேறு மாதிரி முடிந்தது, அதனால் அதையும் சொல்லவேணும். 1923இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'கல்யாணம்' பாலேக்கு அவர் நடனம் அமைத்தார். நாலு பியானோ, தாள வாத்தியங்கள், பாடகர் குழு. நாட்டுப்புறக் கல்யாணம் எண்டதும் நிறம் நிறமான உடுப்பு வரைந்து வைத்திருந்தார் நத்தாலியா கொஞ்சரோவா. நிஜின்ஸ்கா வேண்டாம் என்றார். மண்ணிறமும் வெள்ளையும் போதும். ஏனென்றால் அவருக்கு அது கொண்டாட்டமாகத் தெரியவில்லை. கேட்காமலே ஒரு பெட்டையை வீட்டைவிட்டு அனுப்புகிற சடங்காகத் தெரிந்தது. தோழிகளின் தலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மேலே மணமகளின் முகம் வெறுமையாக இருக்கும். இந்தப் பார்வை ஸ்ட்ராவின்ஸ்கியின் தாளில் இல்லை, நிஜின்ஸ்காவினுடையது. இது எங்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம், அவர் உயிரோடிருந்து 1966இல் லண்டன் ரோயல் பாலேக்குத் தானே சொல்லிக்கொடுத்ததுதான்.

தண்டனை விழுந்தபோது

சோவியத் காலத்திலும் இதே கதைதான், ஆனால் விலை கூட. புரோகோபியேவ் 1935இல் 'ரோமியோ ஜூலியட்' எழுதும்போது இருவரையும் உயிரோடு விட்டு, சந்தோஷமான முடிவு வைத்தார். அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது: உயிரோடிருப்பவர் ஆடலாம், சாகிறவர் படுத்தபடி ஆட ஏலாது. சாவையும் ஆடிக் காட்டலாம் என்று அவரை நம்பவைத்தது நடன அமைப்பாளர்களோடு நடந்த பேச்சு. 1940இல் லவ்ரொவ்ஸ்கியின் அமைப்பில் கலினா உலனோவா ஜூலியட்டாக ஓடியபோது அது நிரூபணமானது.

ஷொஸ்டகோவிச்சின் 'தெளிந்த ஓடை' 1935இல் வந்தது. கூட்டுப்பண்ணை மனிதர்களைப் பற்றிய பகிடியான பாலே, சனத்துக்குப் பிடித்தது. 1936 பெப்ரவரி 6இல் பிராவ்தா அதைப் பொம்மை விளையாட்டு என்று கிழித்தது. ஷொஸ்டகோவிச் அதன்பிறகு பாலேயே எழுதவில்லை. அவரின் பயமும் துன்பமும் எல்லாருக்கும் தெரியும், புத்தகம் புத்தகமாக இருக்கு. நடனம் அமைத்த பியோதர் லொபுகோவ் வேலையை இழந்தார். அவரோடு சேர்ந்து கதை எழுதிய அத்ரியன் பியத்ரொவ்ஸ்கி 1937இல் கைதானார், உயிரோடு திரும்பவில்லை. 2003இல் ரத்மன்ஸ்கி பொல்ஷோயில் இதை எழுப்பியபோது இசை இருந்தது, கதை இருந்தது. நடனத்தைப் புதிதாகத்தான் அமைக்கவேண்டியிருந்தது.

எங்களுக்குள் வந்த கேள்வி

இதை எழுதும்போது எங்கள் குழுவுக்குள்ளேயே ஒரு எதிர்க்கேள்வி வந்தது. நடனம் அழிவது நல்லதுதானே? அழிந்தபடியால்தானே 1975இல் பீனா பௌஷ் மேடை முழுக்க மண்ணைக் கொட்டி வேறொரு 'வசந்தச் சடங்கு' செய்ய முடிந்தது? இவானோவைப் புனிதமாக்கியிருந்தால் 1995இல் மத்தியூ போர்ன் ஆண்களை அன்னங்களாக ஆடவிட்டிருப்பாரா?

நியாயமான கேள்வி. எங்கள் பதில் இதுதான். புதிதாகச் செய்வதற்கு நாங்கள் எதிரில்லை. பௌஷும் போர்னும் பழசைத் தெரிந்துகொண்டு, அதோடு சண்டைபிடித்து, புதிது செய்தவர்கள். போர்னின் ஆண் அன்னங்கள் அதிர்ச்சி தருவதே இவானோவின் பெண் அன்னங்கள் எங்கள் கண்ணுக்குள் இருப்பதால்தான். மாற்றுவது வேறு, பெயரை அழிப்பது வேறு. முதலாவது கலை. இரண்டாவது சோம்பேறித்தனம்.

இன்னொன்றும் இருக்கு. எழுதத் தெரிந்தவரை 'படைப்பாளி' என்றும், உடம்பால் செய்தவரை 'ஆடினவர்' என்றும் பிரிக்கும் பழக்கம் பாலேயோடு நிற்பதில்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் ஒரு படைப்பு என்று வெளிப்படையாகச் சேர்த்ததே 1976இல்தான். அதுவரை அசைவு என்பது காற்று மாதிரி, யாருக்கும் சொந்தமில்லாதது.

எனவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்தமுறை யூரியூப்பில் 'அன்ன ஏரி' தேடும்போது யாருடைய அமைப்பு என்றும் பாருங்கோ. வீடியோவுக்குக் கீழே பெயர் போட்டிருக்கா? இல்லையென்றால் தேடுங்கோ. 1987இன் 'வசந்தச் சடங்கு'க்குப் பக்கத்தில் பௌஷின் மண்மேடையை வைத்துப் பாருங்கோ, இசை ஒன்று, உலகம் இரண்டு. நிஜின்ஸ்காவின் 'கல்யாணம்' இருபத்தைந்து நிமிசத்துக்குள் முடிந்துவிடும், ஒரு பஸ் பயணத்துக்குள் பார்க்கலாம். பார்த்துவிட்டு யாருக்கும் லிங்க் அனுப்பினால், ஸ்ட்ராவின்ஸ்கியின் பெயருக்குப் பக்கத்தில் அவரின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கோ. அந்த ஒரு வரி எழுத ஒரு நிமிசமும் போகாது.